ஆக்டிவிட்டி மிஸ்

அவள் பெயர் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். தன் பெயரைப் பெரிய எழுத்தில் பார்ப்பதற்கு அவ்வளவு அலைந்தவள். அந்த ஆசைக்கு நானும் ஏன் தீனி போட வேண்டும்? எல்லோரும் மிஸ் என்றார்கள். நானும் மிஸ் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவள் இல்லை. தன் வீட்டு ஹாலில் பாயை விரித்து, உப்பளத்துக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள், அவ்வளவுதான்.

மரக்காணத்தில் அளத்துக்குப் போகிற பாதை தொடங்கும் இடத்தில், எங்கள் தெருவின் கடைசியில் அவள் மாடி வீடு. அதற்கு எதிரில் என் இட்லிக்கடை. கீற்றுக் கொட்டகை, இரண்டு அடுப்பு, ஒரு பெஞ்சு. முட்டி ஒத்துழைத்த காலம்வரை நானும் உப்புக் கூடை சுமந்தவள்தான். யாரிடமும் கையேந்தாமல் இன்றைக்கும் என் அடுப்பில் என் சோறு வேகிறது.

வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. உப்பு கண்ணைக் கூச வைக்கும், கால் வெந்துவிடும். அதனால் பெண்கள் விடியும் முன்பே போவார்கள். அங்கன்வாடி திறப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். கைப்பிள்ளைக்காரிகள் என்ன செய்வார்கள்? தூங்குகிற பிள்ளையைத் தோளோடு கொண்டுவந்து மிஸ்ஸின் கையில் மாற்றிவிட்டு, என்னிடம் இட்லி கட்டிக்கொண்டு போவார்கள். உச்சி வெயிலில் திரும்பி வந்து கூட்டிப்போவார்கள். நடுவில் பிள்ளை என்ன செய்தது என்பதை அவர்கள் பார்ப்பது போனில் வருகிற போட்டோவில்தான்.

அந்த நேரத்துக்கு எழுந்து கதவைத் திறந்தவள் இந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். அதை நான் மறைக்க மாட்டேன். பிள்ளைகளை ஒரு நாளும் அடித்ததில்லை. அதையும் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் நல்லதாகச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

திண்டிவனத்திலிருந்து வாழ வந்தவள். புருஷன் துபாயில். வந்த புதிதில் என் கடைக்கு வந்து, பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த இடத்திலேயே அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற பெஞ்சு அது.

"பாட்டிம்மா, இந்த ஊர்ப் பசங்க சும்மாவே இருக்குதுங்க. ஒரு ஆக்டிவிட்டி கிடையாது" என்றாள். எங்கள் பக்கத்தில் ஆயா என்போம். அவளுக்கு அது வாயில் நுழையாது.

"சும்மா எங்கம்மா இருக்குதுங்க? நாள் பூரா மண்ணுல வெளையாடுதுங்க."

"அதான் சொல்றேன். வெறும் மண்ணு. அதுல லேர்னிங் இல்ல."

அன்றிலிருந்து லேர்னிங் தொடங்கியது. ஹால் சுவரில் மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி, நீலத் திமிங்கிலம் எல்லாம் வரைய வைத்தாள். ஜன்னலோரம் மூன்று கால் ஸ்டாண்டில் போனை நிறுத்தினாள். அந்த ஸ்டாண்டுதான் அந்த வீட்டின் சாமி. பிள்ளைகள் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அது நின்ற திசையைப் பொறுத்தது.

மைதா மாவில் கலர் போட்டுப் பிசைந்து பொம்மை செய்கிற ஆக்டிவிட்டி ஒன்று வைத்தாள். நல்ல விஷயம்தானே என்று நானும் எட்டிப் பார்த்தேன். முந்தின நாளே அவள் உட்கார்ந்து ஒரு யானை செய்து வைத்திருக்கிறாள். பிள்ளையை உட்கார வைப்பாள், யானையை முன்னால் வைப்பாள், "ஸ்மைல்!" என்பாள். எடுத்ததும் யானை அடுத்த பிள்ளையிடம் போகும். மாவைத் தொடப் போன பிள்ளைக்கு, "ஐயோ கை வெக்காதடா, ஷேப் போயிடும்!"

மறுநாள் விடியலில் என் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாக்கள் போனைத் தேய்த்தார்கள்.

"பாத்தியா, எம்பையன் செஞ்ச யானை."

"எம்பொண்ணும்தான் செஞ்சிருக்குது."

"இன்னாடி இது, ரெண்டு யானைக்கும் ஒரே எடத்துல காது பிஞ்சிருக்குது?"

"ஒரே காட்டு யானையா இருக்கும். இட்லியத் தின்னு, நேரமாவுது."

சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளையை வைத்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும். யானை யார் செய்தால் என்ன?

கடல் அதோ கத்திக்கொண்டிருக்கிறது. கூப்பிடு தூரம். அவள் பாண்டிச்சேரி கடையிலிருந்து பாலீஷ் போட்ட கிளிஞ்சல் வாங்கிவந்து, பெரிசு சிறிசு பிரிக்கிற ஆக்டிவிட்டி வைத்தாள். ஒரு பிள்ளை தன் டவுசர் பாக்கெட்டிலிருந்து நம் கரைக் கிளிஞ்சல் ஒரு பிடி எடுத்துக் கொட்டியது. "சீ, நாறுது" என்று முறத்தில் வாரி வெளியே எறிந்தாள். என் கொட்டகை வாசல்வரை வந்து விழுந்தது. நான் அவளுக்குக் கேட்கிற மாதிரியே திட்டினேன்.

உப்பு விஷயம் இதைவிட மோசம். அம்மாக்களிடமே ஒரு கூடை உப்பு கேட்டு வாங்கி, கலர்ப் பொடி கலந்து, தட்டில் பரப்பி, விரலால் 'அ' எழுத வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ரோஸும் பச்சையுமாக. வேலிக்காத்தான் முள் கீறின விரலோடு ஒரு பிள்ளை கையை வைத்துவிட்டு வீல் என்று அலறியது. இவள் கையைக் கழுவிவிட்டாள், கண்ணைத் துடைத்துவிட்டாள், அதே விரலைப் பிடித்து மறுபடி உப்பில் வைத்து "ஸ்மைல்!" என்றாள். அன்று வந்த போட்டோவுக்குக் கீழே 'உப்பில் எழுதுவோம் உற்சாகமாக' என்று இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தப் பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்று கேட்டாள்: "நாங்க கால் புண்ணோட அதுல நிக்கிறது போதாதா மிஸ்? புள்ளைக்கும் அதே உப்புதானா?"

"இதுக்குப் பேரு சென்சரி ஆக்டிவிட்டிக்கா" என்றாள் மிஸ். அந்த அம்மா பிள்ளையின் விரலை ஊதிக்கொண்டே கூட்டிப்போனாள். எரிச்சலுக்கு இங்கிலீஷில் பேர் வைத்துவிட்டால் எரியாது போலிருக்கிறது.

இப்போது அமலாவைச் சொல்ல வேண்டும். அளத்தில் வாரிப் பலகையால் உப்பை இழுக்கிறவள், தைரியசாலி, என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள். அவளுக்கு ஒரே பெண், பிரின்சி. மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம்" என்று மாமியார் சொன்னதை அமலா நம்பினாள். நாங்களும் நம்பினோம்.

நம்பினதற்குக் காரணம் உண்டு. அளத்தில் எப்போதும் காற்று. வாயைத் துணியால் கட்டியிருப்போம். இந்தப் பாத்தியிலிருந்து அந்தப் பாத்திக்குக் கத்தினாலும் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் எல்லாமே கையால்தான். வா, போ, தண்ணி, மேஸ்திரி வர்றார், பசிக்குது, எல்லாவற்றுக்கும் ஒரு கை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. அமலா பிள்ளையிடம் கை அசைப்பாள். பிள்ளை சோறு தின்ன வரும், படுக்க வரும். எந்த அளத்து வீட்டிலும் பார்க்கிறதுதான். அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

மிஸ்ஸின் வீட்டில் பிரின்சிக்குத்தான் முதல் வரிசை. ஆக்‌ஷன் பாட்டு என்று ஒன்று உண்டு. போனில் பாட்டு ஓடும், மிஸ் முன்னால் நின்று கையை ஆட்டுவாள், பிள்ளைகள் பார்த்து ஆட வேண்டும். மற்றதுகள் ஜன்னலில் காக்காயைப் பார்க்கும், மூக்கை நோண்டும். பிரின்சி மட்டும் மிஸ்ஸின் மேல் வைத்த கண்ணை எடுக்காது. அவள் கழுத்தைச் சாய்த்தால் சாய்க்கும், கண்ணைச் சிமிட்டினால் சிமிட்டும். அந்த வீடியோவைக் கூனிமேட்டிலும் பார்த்தார்களாம், திண்டிவனத்திலும் பார்த்தார்களாம். அமலா கூடை இறக்குகிற இடத்தில் எல்லோருக்கும் காட்டுவாள். "பேச்சு வர்லன்னா இன்னா, பாட்டுக்கு எப்படி ஆடுது பாரு" என்பாள்.

மிஸ் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காலால் தரையைத் தட்டுவாள். நான் அதைத் திமிர் என்று நினைத்தேன். நாயைக்கூட அப்படிக் கூப்பிட மாட்டோமே என்று அடுப்படியில் முணுமுணுத்தேன்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், யாரும் நினைக்காத நேரத்தில் மழை பிடித்தது. வாரின உப்பெல்லாம் கரைகிற மழை. குவியல் மேல் கீற்றைப் போட்டு மூடிவிட்டுப் பெண்கள் பாதியிலேயே திரும்பினார்கள். அமலா நனைந்து வந்து என் கொட்டகையில் தலையைத் துவட்டினாள். பிள்ளையோடு சேர்ந்து தின்னட்டும் என்று சுடச்சுட இட்லி வைத்துக் கொடுத்தேன். தட்டை நான் பிடித்துக்கொள்ள, சாக்கைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு இரண்டு பேருமாக எதிர்வீட்டுக்குப் போனோம்.

கதவு திறந்திருந்தது. மழைப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பிரின்சி வாசலுக்கு முதுகைக் காட்டி முன்னால் நின்றது.

"பிரின்சி!" என்றாள் அமலா.

எல்லாப் பிள்ளைகளும் திரும்பின. பிரின்சி திரும்பவில்லை.

"ஏய், பிரின்சீ!"

அவள் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு ஆடு கத்தியது. பிள்ளை மிஸ்ஸைப் பார்த்தபடி விரல்களை மழை மாதிரி இறக்கிக்கொண்டிருந்தது. மிஸ்ஸுக்கு வீடியோ கெட்டுப்போன எரிச்சல். பாட்டை நிறுத்திவிட்டு, தரையில் காலைத் தட்டி, வாசலைக் கை காட்டினாள். பிள்ளை உடனே திரும்பியது, அம்மாவைப் பார்த்தது, சிரித்துக்கொண்டு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது.

அமலா குனியவில்லை. மிஸ்ஸையே பார்த்தாள்.

"இன்னாத்துக்கு மிஸ் காலத் தட்டினீங்க?"

"அதுக்கு அப்படித் தட்டினாதான்க்கா தெரியும். தரை அதிருது இல்ல? டக்குனு புடிச்சிக்கும். செம ஷார்ப்பு."

அமலா பிள்ளையைத் திருப்பி நிறுத்தி, அதன் தலைக்குப் பின்னால் கையைத் தட்டினாள். இன்னொரு முறை. பிறகு என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். எவர்சில்வர் தட்டு. அந்த ஓசைக்கு நானே துள்ளிவிட்டேன். தட்டு உருண்டு காலருகே வந்து தரை அதிர்ந்த பிறகுதான் பிரின்சி கீழே பார்த்தது. இட்லி சிதறிக் கிடந்ததைப் பார்த்து ஒன்றைப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தது.

"எத்தினி நாளா உங்களுக்குத் தெரியும்?"

"வந்த புதுசுலருந்தே தெரியுமே."

"ஏன் சொல்லல?"

"நான் இன்னா டாக்டராக்கா? உங்களுக்கே தெரியும்னு நெனச்சேன். நீங்களே அதுங்கிட்ட கையாலதான பேசறீங்க?"

அமலா தன் கையையே பார்த்தாள். நான் விடவில்லை.

"காது கேக்காத புள்ளன்னு தெரிஞ்சும், பாட்டுக்கு ஆடுது பாருன்னு ஊருக்கெல்லாம் எதுக்குடி அனுப்பினே?"

"அது நல்லா ஆடுதே பாட்டிம்மா" என்றாள். குற்றம் செய்த முகமே இல்லை. "லைக்ஸ் எல்லாம் அதுக்குத்தான் வருது. இப்ப நிறுத்திடாதீங்கக்கா, ஆனுவல் டே வருது."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அமலா மழையிலேயே நடந்தாள். மறுநாள் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். காது முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மிஷின் வைத்தால் கேட்கும் என்றார்கள். ஆனால் பேச்சு தானாக வராது. பழக்க வேண்டும். இந்த வயதுக்குள் வந்தால்தான் உண்டு. இன்னும் முன்னால் வந்திருக்கலாம், இப்போதாவது வந்தீர்களே என்று அந்த டாக்டரம்மா சொன்னாராம். முன்னால் என்ற சொல்லை அமலா என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பேச்சு வருமா வராதா என்ற ஒன்றைத் தவிர அதன்பின் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

பிரின்சி அப்புறம் அந்த வீட்டுக்குப் போகவில்லை. விடியலில் என் பெஞ்சில் தூங்கும். எழுந்ததும் மிஷினை மாட்டிவிடுவேன். காதருகில் பேசிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கென்ன, பேசுவதற்கா ஆள் வேண்டும்? மாவு ஊத்தறேன் பாரு, ஆவி வருது பாரு, அதோ எருமை போவுது பாரு. அமலாவுக்குத்தான் கஷ்டம். பேசத் தொடங்கும் முன்பே அவள் கை எழுந்துவிடும். கையைப் பார்த்து எதுவும் கொடுக்காதீர்கள், வாயைத் திறக்கிறவரை பொறுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவள் தன் வலது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பிள்ளையோடு பேசப் பழகினாள்.

மற்ற அம்மாக்கள் மிஸ்ஸிடமே விட்டார்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். விடியலில் வேறு எந்தக் கதவு திறந்தது?

ஒரு நாள் மிஸ் சாக்லெட்டோடு தெருவைத் தாண்டி வந்தாள். "எப்படிடா இருக்கே செல்லம்? மிஷின் சூப்பரா இருக்கே!" பிரின்சி வாயில் சாக்லெட்டைத் திணித்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தது. பிள்ளைக்கு என்ன தெரியும்? போனை நீட்டினாள். நான் கரண்டியை ஓங்கினதும், "சும்மா பாட்டிம்மா, சும்மா" என்று போய்விட்டாள்.

நாலைந்து நாள் கழித்து, வேலை நேரத்தில் அமலா அளத்துப் பாதையில் ஓடி வந்தாள். காலெல்லாம் உப்பு. முகத்தில் கட்டின துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"பெரிம்மா! பேசிச்சா? எப்போ பேசிச்சு? எங்கிட்ட ஏன் சொல்லல?"

போனை என் முகத்தருகே பிடித்தாள். பிரின்சியின் முகம், காதில் மிஷின், வாய் அசைகிறது. "தேங்க்யூ மிஸ்" என்று ஒரு கீச்சுக் குரல். கீழே, குறையைக் கண்டுபிடித்துக் குழந்தையைப் பேச வைத்த எங்கள் மிஸ் என்று எழுதியிருந்தது. பூவும் கைதட்டலுமாகக் கொட்டிக் கிடந்தன. பாத்தியில் யாரோ காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தார்களாம்.

அசைந்த வாய் சாக்லெட் மென்ற வாய். அந்தக் குரலை நான் தினமும் எதிர்வீட்டிலிருந்து கேட்கிறேன். மிஸ்தான் தொண்டையை இறுக்கிக்கொண்டு குழந்தை மாதிரிப் பேசியிருக்கிறாள்.

"நல்லா கேளு பெரிம்மா" என்று மறுபடி போட்டாள் அமலா. "அது குரல் இல்லியா இது?"

பெற்றவளுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பிள்ளை பேசினால் எந்தக் குரலில் பேசும் என்று அதுவரை கேட்டவர் யார்?

"இல்லடி" என்றேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். அழவில்லை. நான் தெருவைத் தாண்டினேன்.

"யாரு குரல்டி அது?"

"டப்பிங் பாட்டிம்மா. எல்லாரும் பண்றதுதான். அது எப்படியும் பேசத்தான போவுது?"

"பேசறப்போ அது பேசட்டும். அத்த அழி."

"அழிச்சா வியூஸ் போயிடுமே" என்றாள் நிஜமான கவலையோடு.

அவளை அடித்திருப்பேன். எதற்கு? கோபப்படுவதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டும். அங்கே ஒரு போன்தான் நின்றுகொண்டிருந்தது. ஹாலில் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டாண்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் புருஷன் துபாயிலிருந்து வந்து அவளைத் திண்டிவனத்துக்கே கூட்டிப்போனான். அங்கே பெரிய இடமாம், ஏ.சி. எல்லாம் உண்டாம். அந்த வீடியோ இன்னும் ஓடுகிறதாம். அதைப் பார்த்துத்தான் அங்கே பிள்ளைகளைச் சேர்க்கிறார்களாம். சேர்க்கட்டும்.

பிரின்சி பேசினது ஒரு பகல் வேளையில். அமலா அளத்திலிருந்து வந்து, மிஞ்சின இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை கையை நீட்டியது. அமலாவின் கை தானாக எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை மடியில் வைத்து அழுத்தினாள். பிள்ளை மறுபடி நீட்டியது, முறைத்தது, காலை உதைத்தது. அவள் கொடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, இட்லி கையில் இருக்கிறது, கொடுக்கவில்லை.

"தா" என்றது பிள்ளை.

கரகரவென்று, ஆண்பிள்ளைக் குரல் மாதிரி. வீடியோவில் வந்த கீச்சுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் அடுப்பைத் தணிக்கக்கூட மறந்துபோனேன். யாரும் போனை எடுக்கவில்லை. இட்லி முழுசாக அதன் வாய்க்குள் போனது.

இப்போது அம்மா என்கிறது, ஆயா என்கிறது, எருமை என்கிறது, என்னைக் கோபத்தில் போடி என்றும் சொல்கிறது. தேங்க்யூ மட்டும் இன்னும் வரவில்லை. நாங்கள் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.